அப்பாட்ட சொல்லு

நவம்பர் 30

தாரணி டீச்சர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். ஜோவியோடு என்ன வேலை செய்தேன், அப்போது அவள் என்ன சொன்னாள், அவ்வளவுதான். டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். என்னைவிடச் சின்னப் பெண். என்னை அக்கா என்கிறார், நான் அவரை டீச்சர் என்கிறேன்.

என் மகள் ஜோவிட்டாவுக்கு மூன்றரை வயது ஆகிறது. அம்மா, அப்பா, தா, இல்ல. அவளிடம் இருக்கிற வார்த்தைகள் இவ்வளவுதான். காது நன்றாகக் கேட்கிறது, டெஸ்ட் எடுத்தாகிவிட்டது. சொன்னதெல்லாம் புரிகிறது. பேச்சு மட்டும்தான் வரவில்லை.

படம் போட்ட அட்டைகளை வாங்கி வைத்து ஆறு மாதமாக, "இது என்ன, இது என்ன" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் பரணில் போடச் சொல்லிவிட்டார் டீச்சர்.

"கிறிஸ்மஸ் வருதுல்லக்கா? ஸ்டார் கட்டணும், குடில் வைக்கணும், பலகாரம் சுடணும். எல்லாத்துலயும் அவளச் சேத்துக்கங்க. கேள்வியே கேக்காதீங்க. செய்யுறதச் சின்னச் சின்னதாச் சொல்லுங்க. 'நான் ஊத்துறேன், நீ ஊத்து.' சொல்லிட்டு வாய மூடிட்டுக் காத்திருங்க. அவ முறை வரட்டும்."

வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

பொங்கலுக்குள் ஜோவி இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். 'தண்ணி தா', 'அப்பா வா' என்கிற மாதிரி. அது வராவிட்டால் மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய பரிசோதனைகள் பார்க்க வேண்டும் என்றார். தூத்துக்குடியிலிருந்து மதுரை ஒன்றும் தூரமில்லை. அங்கே என்ன சொல்வார்களோ என்பதுதான் பயம்.

டிசம்பர் 2

தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டுகள் மலை மாதிரி கிடக்கின்றன. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்பே வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாருக்கும் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறேன்.

இன்று ஜோவியோடு: ஒன்றும் இல்லை. அவள் சொன்னது: தா.

டிசம்பர் 4

குடிலுக்குப் புல் வளர்க்க இரண்டு தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு தூவினோம். "நான் போடுதேன். நீ போடு." நான் ஒரு பிடி, அவள் ஒரு பிடி. அவள் பிடியில் பாதி தரைக்குப் போனது. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

சாயந்திரம் ஜோவி அப்பா வேலை முடிந்து வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், ஷிப்ட் மாறி மாறி வரும். மெஷினை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. "ஜோவி, அப்பாட்ட சொல்லு, கொழம்பு அடுப்பு மேல இருக்குன்னு" என்றேன். ஓடிப்போய் அப்பா சட்டையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "ஜோவிம்மா, அம்மாட்ட சொல்லு, நாளைக்கு நைட் ஷிப்ட்னு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. என்னிடம் ஓடி வந்து என் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

இவ்வளவு புரிகிற பிள்ளைக்கு என்ன குறை இருந்துவிடப் போகிறது?

டிசம்பர் 6

இன்று நல்ல நாள்.

அவர் மூங்கில் குச்சியும் கலர் பேப்பரும் வாங்கி வந்தார். கடையில் ரெடிமேட் ஸ்டார் தொங்கும்போது கையால் கட்டுவது எங்கள் தெருவிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம்.

"ஜோவி, அப்பாட்ட சொல்லு, அந்த மூலையில பசை பத்தாதுன்னு."

"ஜோவிம்மா, அம்மாட்ட சொல்லு, மொதல்ல காயட்டும்னு."

"பேப்பரச் சுருக்கமில்லாம இழுக்கச் சொல்லு அப்பாவ."

"அம்மாக்குத் துணி மட்டுந்தான் தெரியும், பேப்பர் தெரியாதுன்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, ஆனால் ஜோவியைப் பார்த்துத்தான் சிரித்தார். அவள் எங்கள் நடுவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் களைத்துப்போய், பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே தூங்கிவிட்டாள். வீடியோ எடுத்து டீச்சருக்கு அனுப்பினேன். எத்தனை பேச்சு, எத்தனை வார்த்தை. பார்த்தால் சந்தோஷப்படுவார்.

டிசம்பர் 8

சந்தோஷப்படவில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்.

"அக்கா, வீடியோவ ரெண்டு தடவ பாத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. இவ்ளோ நேரத்துல நீங்க ரெண்டு பேரும் ஜோவிகிட்ட ஒரு வார்த்தகூடப் பேசல. ஜோவியப் பாத்துக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் பேசுறீங்க. அவ வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே அடுத்த ஆளுக்கு விஷயம் கேட்டுருது. அப்புறம் அவ எதுக்குப் பேசணும்? வீட்ல எப்பவுமே இப்படித்தானாக்கா?"

கல்யாணமே ஆகாத பெண், வீடியோவைப் பார்த்து ஒரு வீட்டை அளந்துவிடுவாளாம். ஆத்திரத்தில் கை தவறி ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். துணி கொடுத்தவளுக்கு வேறு துணி வாங்கித்தான் தைத்துக் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 9

எப்பவுமே இப்படித்தானா என்று கேட்டாரே. எப்பவும் இல்லை.

போன வருஷம் ஜோவிக்குக் காது டெஸ்ட் எடுத்த அன்றைக்குப் பிறகுதான். காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். அவர் வராந்தாவில் நின்று, நாலு பேர் காது கேட்க, "காது நல்லாருந்தா பொறவென்ன? ஒந் தம்பி ஊமையன் மாதிரித்தான் வரும். ஒங்க வீட்டு ரத்தம்லா" என்றார்.

என் தம்பி வாயில்லாத பிள்ளை. இருபத்திரண்டு வயதில் மஞ்சள்காமாலையில் போனான். அவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பசித்தால் என் பாவாடையைப் பிடித்து இழுப்பான், பயந்தால் என் விரலைப் பிடித்துக்கொள்வான். தெருவில் எல்லாரும் அவனுக்கு வைத்த பெயரை என் வீட்டுக்காரரும் சொன்னார். அதைத் தாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

நான் சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்தினேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு அவரும் நிறுத்தினார். ஆனால் குடும்பம் நடக்க வேண்டுமே. சோறு ஆகிவிட்டது, கேஸ் தீர்ந்துவிட்டது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். நடுவில் ஜோவி நின்றாள். ஊரில் புருஷன் பெண்டாட்டி கோபம் என்றால் பிள்ளையை விட்டுத்தானே சொல்லியனுப்புகிறார்கள், நாங்கள் மட்டுமா செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

நாலு நாள் கோபத்துக்கு உண்டான வழக்கம் அது. எங்களுக்கு அது வருஷமாகிவிட்டது.

டிசம்பர் 10

இன்று முழுக்க ஜோவியிடமே பேசுவது என்று முடிவு செய்தேன். வெட்கமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும்: பேச எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. குளி, சாப்பிடு, தொடாதே. இதற்கு மேல் அவளிடம் நான் பேசியதெல்லாம் அவருக்குச் சொன்னதுதான்.

டிசம்பர் 13

முளை விட்டிருக்கிறது. தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக, நுனியில் பச்சை. ஜோவியைத் தூக்கிக் காட்டினேன். "மொள. குட்டி மொள" என்றேன். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் விரலால் தொட்டாள், முகர்ந்தாள், என்னைப் பார்த்தாள்.

"மொள" என்றாள்.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஜோவி, அப்பாட்ட சொல்லு, நீ மொளன்னு..." என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். பிள்ளை பேசினாள் என்பதைக்கூட அந்தப் பிள்ளையை விட்டுத்தான் சொல்லியனுப்பப் பார்த்திருக்கிறேன்.

யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். இது அவருடைய மகள் பேசிய வார்த்தை. அவருக்குச் சொல்லாமல் இருப்பது களவு மாதிரி இருந்தது.

டிசம்பர் 16

கேக்குக்கு முந்திரியும் பழமும் நறுக்கி வைத்தோம். அரிசி மாவு சலித்தோம். "நான் சலிக்கேன். நீ சலி." "நீ கொட்டு." "நீ தட்டு." அவள் முறை வரும்போது கை தயாராக இருக்கிறது, இப்போதெல்லாம் வாயும் அசைகிறது. "கொட்டு" என்றாள். "மாவு" என்றாள். மூக்கு முழுக்க மாவு.

இரண்டு வார்த்தை சேரவில்லை. தனித்தனியாகத்தான் வருகின்றன.

டிசம்பர் 17

ஜாக்கெட், ஜாக்கெட், ஜாக்கெட். கெடுத்த ஜாக்கெட்டுக்கு வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 20

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர் லீவு போட்டுக் குடில் கட்டினார். வைக்கோல் கூரை, சாக்கு மேல் பிரவுன் பேப்பரைக் கசக்கி ஒட்டி மலை, முன்னால் எங்கள் கேழ்வரகுப் புல். மாதா, சூசையப்பர், ஆடு என்று சுரூபங்களைத் துடைத்துக் கொடுத்து, ஜோவியையே வைக்க விட்டேன். பாலன் சுரூபம் மட்டும் என் பீரோவில் இருக்கிறது. அது நடுராத்திரிப் பூசை முடிந்து வந்த பிறகுதான் தொட்டிலுக்கு வரும். அவள் வெறும் தொட்டிலைக் காட்டி "பாப்பா" என்றாள். "பாப்பா வரும்" என்றேன். ஏற்றுக்கொண்டாள்.

மாதாவை ஒரு ஓரத்தில் சுவரைப் பார்க்க வைத்தாள். சூசையப்பரை மற்ற ஓரத்தில் வாசலைப் பார்க்க வைத்தாள். முதுகும் முதுகும். நடுவில் ஒரு ஆட்டுக்குட்டியை வைத்தாள். பிறகு அந்த ஆட்டுக்குட்டியைப் புல்மேல் தள்ளிக்கொண்டு மாதாவிடம் போய் "சொல்லு" என்றாள். திருப்பித் தள்ளிக்கொண்டு சூசையப்பரிடம் போய் "சொல்லு" என்றாள். மறுபடி மாதாவிடம் வந்தாள். நிறுத்தவே இல்லை.

அவர் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். பார்த்தார். மெல்லக் குனிந்து சூசையப்பரை மாதா பக்கமாகத் திருப்பி வைத்தார். ஜோவி அவர் கையைத் தள்ளிவிட்டு, பழையபடி வாசலைப் பார்க்கத் திருப்பினாள். அவர் வைத்ததுதான் தப்பு என்பது போல அவரை முறைத்தாள். அம்மாவும் அப்பாவும் என்றால் அப்படித்தான் நிற்பார்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் ஒயரை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். பைப்பில் வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் மெஷினில் உட்கார்ந்து, நூல் கோக்காமலே மிதித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 21

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கை தவறிப் போனில் பட்டு, டீச்சரின் அந்த வாய்ஸ் மெசேஜ் சத்தமாக ஓடிவிட்டது. உடனே நிறுத்தியிருக்கலாம், கையில் மாவு இருந்தது.

முழுவதையும் கேட்டார். பிறகு தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார்.

டிசம்பர் 22

நேராகப் பேசிவிடலாம் என்று இரண்டு தடவை போனேன். கதவு வரைக்கும் சரியாகப் போகிறேன். "என்னங்க" என்ற வார்த்தை தொண்டையில் நிற்கிறது. வெறும் சத்தம்தான், மூச்சை விட்டால் வந்துவிடும். வரவில்லை. கடைசியில் தேங்காய் எண்ணெய் வாங்க வேண்டும் என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஜோவிக்கு எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது. இத்தனை நாள் அவள் முன்னால் உட்கார்ந்து, சொல்லு சொல்லு என்று உயிரை எடுத்திருக்கிறேன்.

எண்ணெய் வந்துவிட்டது. கதவு சொல்லியிருக்கும் போல.

டிசம்பர் 23

இன்று முழுக்க "அப்பாட்ட சொல்லு" என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. அவரும் "அம்மாட்ட சொல்லு" என்று சொல்லவில்லை. அதனால் வீட்டில் பேச்சே இல்லை. ஜோவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேலை போன ஆள் மாதிரி கூடத்தில் நின்றாள். பாவமாக இருந்தது. மடியில் உட்கார வைத்து மாவு பிசைந்தோம். "நீ உருட்டு. நான் உருட்டுதேன்." நிறைய உருட்டினோம்.

டிசம்பர் 24

பூசைக்குக் கிளம்பும் முன் எழுதிவிடுகிறேன். புதுச் சட்டைகள் தேய்த்தாகிவிட்டன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெடி வெடிக்கிறார்கள்.

சாயந்திரம் நான் அடுப்படியில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். ஜோவி அப்பாவோடு குடிலுக்கு முன்னால் இருந்தாள். அவர் சீரியல் லைட்டை ஒவ்வொன்றாகச் சொருக, அவள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "நான் சொருகுதேன். நீ குடு" என்று அவர் சொல்வது கேட்டது. இந்த விளையாட்டை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இத்தனை நாளும் மறுபக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அப்புறம் அவர் குரல் தாழ்வாக வந்தது.

"ஜோவிம்மா. அம்மாட்ட போயி சொல்லு. அன்னைக்கு ஆஸ்பத்திரில அப்பா பேசினது ரொம்பத் தப்புன்னு சொல்லு. அப்பாக்கு அது தெரியும்னு சொல்லு."

கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சுவர்கூட இல்லை, ஒரு திரைதான். ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்கிறது என்பது அவருக்கும் தெரியும். ஜோவி ஓடி வந்து என் சேலையைப் பிடிக்க வேண்டும், நான் சரி என்று தலையாட்ட வேண்டும், அதோடு விஷயம் முடிந்துபோகும். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்த வார்த்தை, எந்த வழியில் வந்தால் என்ன என்று இருந்தது.

ஜோவி வரவில்லை. திரையை விலக்கிப் பார்த்தேன். ஒரு சின்ன பல்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா முகத்துக்கு நேராக நின்றிருந்தாள். அவர் முறை வந்தும் அவர் செய்யாமல் இருப்பது போல அவரைப் பார்த்தாள்.

"நீ சொல்லு" என்றாள்.

இரண்டு வார்த்தை, சேர்ந்து வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதற்காகத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன், இதற்காகத்தான் மதுரையை நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டேன். ஆனால் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொள்ளாமல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் அசையவில்லை. அவள் பல்பை அவர் கையில் வைத்துவிட்டு மறுபடியும் "நீ சொல்லு" என்றாள்.

எழுந்து வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். கிரேனில் ஏறிக் கப்பல் சரக்கைத் தூக்குகிற மனுஷர். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. 'கேட்டுச்சு, விடுங்க' என்று நான் சொல்லியிருக்கலாம். பெண்டாட்டிகள் அப்படிச் சொல்லித்தான் பழக்கம். நான் சொல்லவில்லை. அடுப்பை மட்டும் அணைத்தேன்.

"பெல்சி" என்றார்.

என் பெயர் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

"சொல்லுங்க" என்றேன்.

"தப்பு. நாஞ் சொன்னது. புள்ளைக்கி ஏதும் ஆயிருமோன்னு எனக்குப் பயம். யாரு மேலயாவது போட்டாப் போதும்னு இருந்திச்சு. அதுக்காவ ஒந் தம்பிய..."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. எனக்கும் கண்ணை மறைத்தது. ஆனால் பாதியில் விட எனக்கு மனமில்லை.

"அவனுக்குப் பேர் இருக்கு" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். ஜோவி வந்து எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் நின்றாள். இந்தத் தடவை யாரும் அவளைப் பார்த்துப் பேசவில்லை.

"அமலன்" என்றார், என் முகத்தைப் பார்த்து.